சிலிக்கன் எப்படி உருகுகிறது: அணுக்களின் விசையும் நரம்பணு வலைகளும்

 

ஒரு பொருளுக்குள் இருக்கும் அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு விசையோடு இழுக்கின்றன, எவ்வளவு விசையோடு தள்ளுகின்றன என்பதை நியூரல் நெட்வொர்க் எனும் நரம்பணு வலையைக் கொண்டு கணக்கிடும் முறை பற்றி இன்று பேசப்போகிறேன். கடந்த இருபது ஆண்டுகளில் பொருள் அறிவியலை இவ்வளவு ஆழமாக மாற்றிய கணக்கீட்டு முறை வேறு இல்லை என்பது என் கருத்து. அதே உறுதியோடு இன்னொன்றையும் சொல்ல வந்திருக்கிறேன். ஒரு வலையை யார், எதைக் காட்டிப் பழக்கினார்கள் என்று கேட்காமல் அதன் விடையை ஏற்கக் கூடாது.

சிலிக்கனையே எடுத்துக்கொள்வோம். நம் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லு அதனால் ஆனது. ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கனில் சுமார் 5×10²² அணுக்கள் இருக்கின்றன. சூடாக்கினால் 1,687 கெல்வினில், அதாவது 1,414 டிகிரி செல்சியஸில், உருகும். இது அளந்து கண்ட உண்மை. ஆனால் ஏன் 1,687? ஏன் 1,200 ஆகவோ 2,500 ஆகவோ இல்லை? அணுக்களிலிருந்து தொடங்கி இதற்கு விடை சொல்ல முடியுமா?

கொள்கையளவில் முடியும். ஒவ்வோர் அணுவின் மீதும் இந்தக் கணத்தில் செயல்படும் விசை தெரிந்தால், நியூட்டனின் விதியைக் கொண்டு அடுத்த கணத்தில் அது எங்கே இருக்கும் என்று கணக்கிடலாம். பிறகு புதிய இடத்தில் மறுபடி விசை, மறுபடி நகர்வு. இப்படியே போகலாம். 'கணம்' என்று நான் சொல்வது பொதுவாக 1 ஃபெம்டோ நொடி. ஒரு நொடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு அது. ஆக, 1 நானோ நொடி நேரம் அணுக்களைப் பின்தொடர வேண்டுமானால் விசையை 10 லட்சம் முறை கணக்கிட வேண்டும். இதற்கு மூலக்கூறு இயக்கவியல் சிமுலேஷன் என்று பெயர்.

இந்த முறையை உண்மையான ஒரு திரவத்திற்குப் பயன்படுத்திக் காட்டியவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஹைதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மான், 1964-இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, திரவ ஆர்கானின் 864 அணுக்களை ஒரு சி.டி.சி 3600 கணினியில் ஓடவிட்டார். அணுக்கள் எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன, ஓர் அணுவைச் சுற்றி மற்றவை எப்படி அமைகின்றன என்ற இரண்டும் சோதனைச்சாலை அளவீடுகளோடு ஒத்துவந்தன. அமெரிக்க இயற்பியல் கழகம் கணக்கீட்டு இயற்பியலுக்கு ஆண்டுதோறும் வழங்கும் பரிசு இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் அவருக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை. இது எனக்கு நீண்டநாள் மனக்குறை.

ரஹ்மானுக்கு ஆர்கான் வாய்த்தது. ஆர்கான் ஒரு மந்த வாயு. அதன் எலக்ட்ரான் கூடுகள் நிறைந்தவை. இரண்டு ஆர்கான் அணுக்களுக்கு இடையிலான ஆற்றலைத் தூரத்தை மட்டும் வைத்து ஒரே வரியில் எழுதிவிடலாம். லென்னர்டு-ஜோன்ஸ் என்ற பெயரில் அந்தச் சூத்திரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். சிலிக்கன் இதற்கெல்லாம் கட்டுப்படாது.

திண்மச் சிலிக்கனில் ஓர் அணுவுக்கு நான்கு அண்டை அணுக்கள். எந்த இரண்டு பிணைப்புகளுக்கும் இடையே 109.5 டிகிரி கோணம். வைரத்தின் அமைப்பும் இதுதான். உருகியவுடன் எல்லாம் மாறிவிடுகிறது. அண்டை அணுக்களின் எண்ணிக்கை ஆறு, அதற்கும் மேல் என்று உயர்கிறது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.33-இலிருந்து சுமார் 2.57 கிராமாகக் கூடுகிறது. பனிக்கட்டி உருகும்போது நடப்பதைப்போலவே திரவம் திண்மத்தைவிடக் கனமாகிறது. குறைக்கடத்தியாக இருந்தது உலோகத்தைப்போல மின்சாரம் கடத்தத் தொடங்குகிறது. அணுக்கள் அதே அணுக்கள்தான். எலக்ட்ரான்கள் பிணைக்கும் விதம் மாறிவிட்டது.

எலக்ட்ரான்களைப் பற்றிய விதிகள் நமக்குத் தெரியாதவை அல்ல. வேதியியலின் பெரும்பகுதிக்குத் தேவையான விதிகள் கிடைத்துவிட்டன, சமன்பாடுகளைத் தீர்ப்பதுதான் கடினம் என்று டிராக் 1929-லேயே எழுதினார். அந்தக் கடினத்தைப் பெருமளவு குறைத்தது, வால்டர் கோன் 1964-65-இல் ஹோயன்பெர்க், ஷாம் ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கிய அடர்த்திச் சார்பியக் கோட்பாடு. ஆய்வகங்களில் டி.எஃப்.டி என்றுதான் அழைப்போம். கோனுக்கு 1998-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வோர் எலக்ட்ரானையும் தனித்தனியே தொடராமல் அவை பரவியிருக்கும் அடர்த்தியைக் கொண்டே ஆற்றலைக் கணக்கிடும் வழி அது. 1985-இல் இத்தாலியின் திரியெஸ்தேவில் ராபர்ட்டோ கார், மிக்கேலே பாரினெல்லோ இருவரும் அதை மூலக்கூறு இயக்கவியலோடு இணைத்தார்கள்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகம். வழக்கமான டி.எஃப்.டி கணக்கில் அணுக்கள் இரட்டிப்பானால் வேலை எட்டு மடங்காகும். 100 அணுக்களுக்குப் பதிலாக 1 லட்சம் அணுக்கள் வேண்டுமென்றால் வேலை 100 கோடி மடங்கு. அதை 10 லட்சம் முறை திரும்பச் செய்ய வேண்டும். எந்த மீக்கணினியாலும் ஆகாத காரியம்.

எனவே பல ஆண்டுகள் பொருள் அறிவியல் இரண்டு முகாம்களாக இருந்தது. ஒரு பக்கம், நூறு அணுக்களுக்குத் துல்லியமான டி.எஃப்.டி. மறுபக்கம், லட்சக்கணக்கான அணுக்களுக்குக் கையால் எழுதிய சூத்திரங்கள். சிலிக்கனுக்கு மட்டும் இப்படிப் பல சூத்திரங்கள் வந்தன. 1985-இல் ஸ்டில்லிங்கர், வெபர் இருவரும் எழுதியதில், பிணைப்புக் கோணம் 109.5 டிகிரியிலிருந்து விலகினால் ஆற்றல் கூடும் என்று ஓர் உறுப்பு இருந்தது. திண்மத்திற்கு அது சரி. ஆனால் உருகிய பிறகும் அந்த உறுப்பு அதே கோணத்தைத்தான் வலியுறுத்திக்கொண்டிருக்கும். டெர்சாஃப் எழுதிய சூத்திரம் படிகத்தின் பல பண்புகளை நன்றாகவே தந்தது. ஆனால் சிலிக்கன் 2,400 கெல்வினுக்கும் மேலேதான் உருகும் என்றது. இவை திறமையற்றவர்கள் எழுதியவை அல்ல. எலக்ட்ரான்கள் செய்வதையெல்லாம் ஒரு மனிதர் முன்கூட்டியே ஊகித்து ஐந்தாறு உறுப்புகளில் எழுத வேண்டியிருந்ததே சிக்கல்.

2007-இல் யோர்க் பேலரும் பாரினெல்லோவும் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சூத்திரத்தை ஊகிக்க வேண்டாம், டி.எஃப்.டி தரும் விடைகளைக் காட்டி ஒரு நரம்பணு வலையையே அதைக் கற்றுக்கொள்ளச் செய்யலாம் என்றது அது. நரம்பணு வலையை மூலக்கூறுகளின் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் எண்ணம் அதற்குமுன் 1995 முதலே இருந்தது. ஆனால் அந்த வலைகள் சில அணுக்களுக்கு மட்டுமே பொருந்தும்; ஓர் அணு கூடினால்கூட வலையைப் புதிதாக அமைக்க வேண்டும். பேலர்-பாரினெல்லோ அந்தத் தடையை உடைத்த விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

மொத்த ஆற்றலை ஒரே வலையிடம் கேட்காதே, ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு பங்கு ஆற்றல் உண்டு என்று வைத்துக்கொள், அந்தப் பங்கை அந்த அணுவின் அக்கம்பக்கம் மட்டுமே தீர்மானிக்கும் என்றும் வைத்துக்கொள். இதுதான் அவர்களின் அடிப்படை. அக்கம்பக்கம் என்பது பெரும்பாலும் 6 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள ஒரு கோளம். சிலிக்கன் படிகத்தில் ஓர் அணுவின் மேல் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தால் 2.35 ஆங்ஸ்ட்ராமில் 4 அணுக்கள், 3.84-இல் 12, 4.50-இல் 12, 5.43-இல் 6, 5.92-இல் 12. ஆக மொத்தம் 46 அணுக்கள் அந்தக் கோளத்துக்குள் இருக்கின்றன.

இந்த 46 அணுக்களின் ஆயத்தொலைவுகளை அப்படியே வலைக்குக் கொடுத்தால் தவறாகிவிடும். படிகத்தைத் தூக்கி வேறு மேசையில் வைத்தாலும், திருப்பி வைத்தாலும், இரண்டு சிலிக்கன் அணுக்களை இடம் மாற்றினாலும் ஆற்றல் மாறாது; ஆனால் ஆயத்தொலைவுகள் மாறிவிடும். ஆகவே முதலில் அவற்றைச் சில பத்து எண்களாக மாற்றுகிறார்கள். எந்தெந்தத் தூரத்தில் எவ்வளவு அணுக்கள் செறிந்திருக்கின்றன என்பதைச் சில எண்கள் சொல்லும். மையத்திலிருந்து இரண்டிரண்டு அணுக்களுக்கு என்னென்ன கோணங்கள் அமைகின்றன என்பதை வேறு சில சொல்லும். சமச்சீர்ச் சார்புகள் என்ற இந்த எண்கள் நகர்த்தினாலும் திருப்பினாலும் இடம் மாற்றினாலும் மாறாதவை. இவை வலைக்குள் போகின்றன, மறுமுனையில் அந்த அணுவின் ஆற்றல் வருகிறது. எல்லா அணுக்களின் ஆற்றலையும் கூட்டினால் மொத்த ஆற்றல். அதை ஒவ்வோர் அணுவின் இடத்தையும் பொறுத்து வகையிட்டு எதிர்க்குறி இட்டால் விசை.

எல்லாச் சிலிக்கன் அணுக்களுக்கும் அதே வலைதான். 64 அணுக்கள் உள்ள பெட்டியில் பழகிய வலையை 64,000 அணுக்கள் உள்ள பெட்டியிலும் ஓட்டலாம். வேலை அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில்தான் கூடும். மூன்றாம் அடுக்கில் எகிறாது.

பழக்குவது எப்படி? 64 அணுக்களைப் பலவிதமாகக் குலைத்து, சூடாக்கி, அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் டி.எஃப்.டி கணக்குப் போடுகிறோம். ஒவ்வொரு கணக்கும் 1 ஆற்றலையும், அணுவுக்கு மூன்று கூறாக 192 விசைக்கூறுகளையும் தருகிறது. வலையின் விடை அவற்றோடு ஒத்துப்போகும்வரை அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான எடைகளைச் சிறிது சிறிதாகத் திருத்துகிறோம். 2007 கட்டுரையில் 3,000 கெல்வினில் உருகிய சிலிக்கனின் அணுப்பரவல் வரைபடம் ஒன்று இருக்கிறது. டி.எஃப்.டி வரைகோட்டின் மேலேயே வலையின் வரைகோடு படிந்து போகிறது. கையால் எழுதிய மூன்று சூத்திரங்களின் வரைகோடுகள் விலகி நிற்கின்றன. அந்த ஒரு படம் துறையின் போக்கையே மாற்றியது.

பிறகு வந்தவை வேகமாக வந்தன. லேசர் பட்டதும் படிகமாகவும் படிகமற்றதாகவும் மாறும் ஜெர்மேனியம் டெல்லுரைடுக்கு 2012-இல் ஒரு வலை உருவானது. திரும்ப எழுதக்கூடிய வட்டுகளில் இருப்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கலவைதான். 2020-இல், டீப் பொட்டென்ஷியல் என்ற வலையை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருந்த சம்மிட் மீக்கணினியில் ஓட்டி, 10 கோடி அணுக்களை டி.எஃப்.டி துல்லியத்தோடு பின்தொடர்ந்த குழுவுக்கு கார்டன் பெல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் குழுவில் ராபர்ட்டோ காரும் இருந்தார்.

சிலிக்கனில் 2021-இல் நடந்ததைத் தனியே சொல்ல வேண்டும். டெரிங்கர் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்டது. அவர்கள் பயன்படுத்தியது நரம்பணு வலையின் பங்காளி முறையான காஸியன் தோராயப் பொட்டென்ஷியல். தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் கொள்கை ஒன்றே. 1 லட்சம் சிலிக்கன் அணுக்களை உருகிய நிலையிலிருந்து குளிரவைத்துப் படிகமற்ற திண்மமாக்கினார்கள். பிறகு மெல்ல மெல்ல அழுத்தம் கொடுத்தார்கள். குறைந்த அடர்த்திப் பகுதிகளும் மிகுந்த அடர்த்திப் பகுதிகளும் ஒரே துண்டுக்குள் அருகருகே தோன்றின. அழுத்தம் மேலும் கூடியதும் அமைப்பு முழுதும் சரிந்து, இன்னும் அடர்ந்த ஒரு நிலைக்குப் போனது. அந்த நிலையும் நிலைக்கவில்லை. அதற்குள்ளேயே சிறு படிகங்கள் முளைத்து வளர்ந்தன. ஆய்வுக்கூடத்தில் கண்ட இந்த முடிவை முந்தைய சிமுலேஷன்கள் காட்டியதில்லை. சில நூறு அணுக்கள் உள்ள பெட்டியில் இரண்டு பகுதிகள் அருகருகே இருக்கவே இடம் போதாது. துல்லியமும் அளவும் ஒருசேரக் கிடைத்தால்தான் இது கண்ணில் படும்.

இனி நான் வலியுறுத்த விரும்பும் பகுதிக்கு வருகிறேன். வலைக்கு ஆசிரியர் டி.எஃப்.டி. ஆசிரியரின் பிழை மாணவருக்கும் வரும்.

இதற்கு நான் அறிந்தவற்றில் சிறந்த சான்று தண்ணீர். 4 டிகிரி செல்சியஸில் தண்ணீர் மிக அடர்த்தியாக இருக்கிறது, பனிக்கட்டி மிதக்கிறது. இது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். 2016-இல் பேலர், வியன்னாவின் டெல்லாகோ ஆகியோரின் குழு தண்ணீருக்கு நரம்பணு வலைகளைப் பழக்கியது. சில வலைகளுக்குக் காட்டிய டி.எஃப்.டி கணக்குகளில் வான்டர்வால்ஸ் விசை சேர்க்கப்படவில்லை, சிலவற்றில் சேர்க்கப்பட்டிருந்தது. சேர்க்காத வலைகளில் அந்த அடர்த்தி உச்சம் தோன்றவில்லை. உருகும்போது கன அளவு சுருங்குவதும் நடக்கவில்லை. சேர்த்தவற்றில் இரண்டும் வந்தன. ஹைட்ரஜன் பிணைப்போடு ஒப்பிட்டால் மிக வலுக்குறைந்த விசை அது; பனிக்கட்டி மிதப்பதற்கு அது இல்லாமல் முடியாது என்பது இப்படித்தான் தெளிவாயிற்று. வலை இல்லாமல் டி.எஃப்.டியை மட்டும் கொண்டு இத்தனை வெப்பநிலைகளில் இவ்வளவு நேரம் தண்ணீரை ஓட்டிப் பார்த்திருக்கவே முடியாது. ஆசிரியரின் குறையையும் மாணவர்தான் வெளிக்கொண்டுவந்தார்.

இரண்டாவது ஆபத்து வேறு வகை. வலை தான் பார்த்த அமைப்புகளுக்கு இடையே நன்றாக ஊகிக்கும். பார்க்காத இடத்திற்குப் போனால் அதற்கு எதுவும் தெரியாது. சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவரைக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிவிட்டதைப்போலத்தான். இரண்டு அணுக்கள் மிக நெருங்கும் நிலையை வலை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்றால், அவை ஒன்றையொன்று தள்ள வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. சிமுலேஷனில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும், பெட்டியே சிதறும். சிதறிவிட்டால் நல்லதுதான்; தவறு கண்ணுக்குத் தெரிகிறது. சிதறாமல் பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறான விடை வருவதுதான் அஞ்சத்தக்கது. அதனால்தான் ஒரே தரவில் நான்கைந்து வலைகளைத் தனித்தனியே பழக்கி, அவை ஒன்றுக்கொன்று முரண்படும் இடத்தில் நிறுத்தி, அங்கே புதிதாக டி.எஃப்.டி கணக்குப் போட்டுச் சேர்க்கும் வழக்கம் வந்தது. இதைச் செய்யாமல் முடிவு வெளியிடுவதை நான் ஏற்பதில்லை.

6 ஆங்ஸ்ட்ராம் எல்லைக்கு அப்பால் செயல்படும் மின்னூட்ட விசைகள் மூன்றாவது சிக்கல். அயனிப் படிகங்களிலும் மேற்பரப்புகளிலும் அது பெரிது. அதற்கான வலைகள் வந்துகொண்டிருக்கின்றன.

இப்போது எல்லோரும் பேசுவது பொதுப் பொட்டென்ஷியல்களைப் பற்றி. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 2011 முதல் திரட்டப்படும் மெட்டீரியல்ஸ் புராஜெக்ட் தரவுத்தளத்தில் பழகி, தனிம அட்டவணையின் பெரும்பகுதிக்கும் ஒரே வலை போதும் என்று சொல்பவை. 2022-இல் எம்3ஜிநெட், 2023-இல் சிஎச்ஜிநெட், அதே ஆண்டு 89 தனிமங்களுக்கு மேஸ்-எம்பி-0. ஒரு மாணவர் இவற்றைப் பதிவிறக்கிய அன்றே சிமுலேஷன் ஓட்டிவிடலாம். மகத்தான வசதி. ஆனால் அந்தத் தரவுத்தளத்தில் இருப்பவை பெரும்பாலும் சமநிலைக்கு அருகிலுள்ள படிகங்கள். 2024-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் இந்த மூன்றையும் சோதித்து, மூன்றுமே விசைகளை ஒரே திசையில் குறைத்துச் சொல்கின்றன என்று காட்டினார்கள். மேற்பரப்பு, படிகக் குறை, அயனி தாண்ட வேண்டிய ஆற்றல் தடை ஆகிய எல்லாவற்றிலும் இந்தக் குறைமதிப்பீடு இருந்தது.

சிறிய பிழைதானே என்று விட முடியாது. மின்கலத்தில் லித்தியம் அயனி தாண்ட வேண்டிய தடையை வலை 0.1 எலக்ட்ரான்-வோல்ட் குறைத்துச் சொன்னால், அறை வெப்பநிலையில் அயனி ஏறத்தாழ 50 மடங்கு வேகமாகத் தாண்டுவதாகக் கணக்கு வரும். பயனற்ற ஒரு பொருள் அருமையான மின்பகுபொருளாகத் தோன்றிவிடும். உங்கள் பொருளுக்கென்று கொஞ்சம் டி.எஃப்.டி தரவு சேர்த்து மறுபடி பழக்கினால் இந்தப் பிழை பெரிதும் நீங்குகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அந்தக் கொஞ்சத்தைச் செய்யாமல் விடுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இந்த வேலைக்கு இன்று கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. லாம்ப்ஸ், குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ, டீப்எம்டி-கிட், மேஸ் ஆகிய மென்பொருள்கள் எல்லாம் இலவசமாகவும் மூலநிரலோடும் கிடைக்கின்றன. நல்ல வரைகலை அட்டை பொருத்திய ஒரு கணினி இருந்தால் தொடங்கலாம். முதுநிலை மாணவர்களுக்கு இந்த ஆண்டு ஒரு திட்டப்பணி கொடுங்கள். ஒரு பெட்டியின் பாதியில் சிலிக்கன் படிகத்தையும் மறுபாதியில் உருகிய சிலிக்கனையும் வைத்து, வெவ்வேறு வெப்பநிலைகளில் ஓட்டச் சொல்லுங்கள். படிகம் வளர்ந்தால் உருகுநிலை இன்னும் மேலே, திரவம் வளர்ந்தால் இன்னும் கீழே. இரண்டும் அசையாமல் நிற்கும் வெப்பநிலையே விடை.

விடை 1,687-க்கு வெகு அருகில் வந்தால் மாணவர் மகிழ்வார். அப்போதுதான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். கவனமாகச் செய்த டி.எஃப்.டி கணக்குகளே, வழக்கமாகப் பயன்படுத்தும் தோராயங்களில், சிலிக்கன் உருகுநிலையைச் சுமார் 1,300 என்றும் 1,500 என்றும்தான் சொல்லியிருக்கின்றன. அந்த ஆசிரியரிடம் பழகிய வலை ஆசிரியரைவிடச் சரியாகச் சொல்கிறது என்றால், எங்கோ ஒரு பிழை இன்னொரு பிழையை மறைக்கிறது. வலை எந்தத் தோராயத்தில், எந்த வெப்பநிலை வரை, எந்த அழுத்தம் வரை பழகியது என்பதை ஆய்வேட்டின் முதல் அட்டவணையாகவே எழுதச் சொல்லுங்கள். அது இல்லாத ஆய்வேட்டில் கையெழுத்திடாதீர்கள்.